கற்றச்சரும் கற்றோரும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாட் கிரியை நிகழும்போது, அவருடைய வாழ்க்கை வரலாறும் திருமுறைப் பாடல்களும் உற்றாரின் புலம்பலும் அடங்கிய சிறு நூலொன்று அச்சிட்டு வழங்கப்படுவது நெடுநாளைய வழக்கம். அந்நூலை ஊரார் ‘கல்வெட்டு’ என்பர். காகிதத்தில் மையால் அச்சிடப்படும் அந்நூலிற் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. பொருள் போய்விட்டது, சொல் மட்டும் எஞ்சி நிற்கிறது.

தமிழ்ப் புலமையுலகம் கல்லோடு கொண்டுள்ள உறவும் ஏறத்தாழ இத்தகையதே. சாசனவியலார் கல்லில் உள்ள எழுத்தின் வடிவத்தை ஆராய்வர். மன்னனின் ஆட்சியாண்டைக் கணிப்பர். தானமாக அளிக்கப்பட்ட நிலத்தின் எல்லையையும் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் தொகையையும் எடுத்துரைப்பர். கலை வரலாற்றாசிரியர் பல்லவர் பாணி, சோழர் பாணி, விசயநகரப் பாணி என வகுப்பர். ஆயின் அக்கல் எங்கே அகழப்பட்டது, எவ்வாறு பிளக்கப்பட்டது, எத்தகைய உளியால் ஒப்பரவு செய்யப்பட்டது, அவ்வுளியைத் தீட்டியவன் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. கல்லின்மேல் எழுதப்பட்டதைப் படிக்கத் தெரிந்த கல்வி, கல்லைப் படிக்கத் தெரிந்த கையைக் கண்டுகொள்ளவில்லை.

இது தற்செயலாக நேர்ந்த மறதி எனக் கொள்வதற்கில்லை. மூளையால் உழைப்பதை உயர்ந்ததென்றும் கையால் உழைப்பதைத் தாழ்ந்ததென்றும் பிரித்து, அப்பிரிவைச் சாதியோடு பிணைத்துவைத்த சமூக அமைப்பின் விளைவே இது. அவ்வமைப்பைக் கண்டிக்கும் அறிவாளிகளும் தம்மையறியாமல் அதன் மதிப்பீட்டையே கைக்கொண்டுள்ளனர் என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

இலக்கணத்திலிருந்து தொடங்கலாம். மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாவைத் தமிழிலக்கண மரபு ஏவுதற் கருத்தா எனவும் இயற்றுதற் கருத்தா எனவும் இரண்டாக வகுத்துள்ளது. அரசனால் ஆகிய கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் ஆகிய கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. பாடசாலை மாணவனும் அறிந்த வேறுபாடு இது. தஞ்சைப் பெருங்கோயிற் சாசனத்தில் இராசராசன் தான் ‘எடுப்பிச்ச’ கற்றளி என்றே கூறுகிறான். அச்சொல் பிறவினை, பிறரைக்கொண்டு எடுக்கச் செய்தமையை அது ஒளிக்கவில்லை. மன்னன் தானே பேணிய இவ்வேறுபாட்டை அவனைப் போற்றவந்த நூலாசிரியர்கள் கைவிட்டனர். ‘இராசராசன் தஞ்சைக் கோயிலைக் கட்டினான்’ எனப் பாடநூல்கள் தன்வினையால் எழுதின. ஓர் எழுத்து வேறுபாட்டில் ஒரு தொழிலாளர் கூட்டம் முழுவதும் மறைந்துபோயிற்று.

இத்தனைக்கும் அக்கோயிற் சாசனம் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயரைத் தெளிவாகப் பொறித்துவைத்துள்ளது. 1010 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய, ஏறத்தாழ 60 மீற்றர் உயரமுடைய அவ்விமானத்தை அறிந்தோர் இலட்சக்கணக்கினர். அப்பெருந்தச்சனின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். மாறாக, விமானத்தின் உச்சியில் இருப்பது 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்னும் கதையோ எங்கும் பரவியுள்ளது. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டதென ஆய்வாளர் எடுத்துக்காட்டிய பின்னும் கதை ஓயவில்லை. ஒரே கல்லை மேலேற்றிய அற்புதத்தை வியக்க எவருக்கும் அறிவு வேண்டியதில்லை. பல கற்களை ஒரே கல் எனக் கண் மயங்குமாறு பொருத்திய திறனை வியப்பதற்கோ அத்தொழிலைப் பற்றிச் சிறிதேனும் தெரிந்திருத்தல் வேண்டும். பெருங்குளங்களையும் கோயில்களையும் பூதங்கள் ஓரிரவிற் கட்டி முடித்தன என்னும் ஐதீகங்களும் இவ்வகையினவே. மனித உழைப்பை ஏற்க மனமில்லாதவிடத்து அதனைப் பூதத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

கற்றச்சு வெறும் உடலுழைப்பே, அறிவுத்துறை அன்று எனக் கருதுவோர் அதன் படிமுறைகளை நோக்குதல் தகும். முதலாவது கல்லைத் தெரிதல். தட்டும்போது எழும் ஒலியைக்கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனச் சிற்ப மரபு பாகுபாடு செய்யும். மணியோசைபோல நின்றொலிப்பது திருமேனிக்கு ஆகும். ஒலி மழுங்கியது அதற்கு ஆகாது. பெயரிட்ட முறை பழைமையான சமயச் சிந்தனைக்கு உரியதாயினும், அதன் அடியில் உள்ள அவதானம் முற்றிலும் பௌதிக அடிப்படை உடையது. உள்ளே வெடிப்போ பொருக்கோ உள்ள கல் அதிர்வை விழுங்கும். ஒருசீரான கல் அதிர்வைக் கடத்தும். இன்று பொறியியலாளர் கருவியைக்கொண்டு ஒலியலை செலுத்திக் கல்லின் உள்நிலையை அறிவதும் இதே தத்துவத்தாற்றான்.

இரண்டாவது பிளத்தல். பாறையின் மேல் ஒரு கோட்டில் வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக அடித்து இறுக்கினால், பாறை கோட்டின் வழியே பிளக்கும். ஓர் ஆப்பைமட்டும் மிகையாக அடித்தால் பிளவு வழிதவறும். பல நாளைய உழைப்பு வீணாகும். ஈழத்தின் பழைய நகரங்களை அண்டிய பாறைகளில் இவ்வாப்புக் குழிகளின் வரிசைகளை இன்றும் காணலாம். இந்நாட்டின் பெரும்பகுதியிலுள்ள பட்டைவரியுடைய பாறைகளில் வரியோடு ஒத்துச் செல்லும் பிளவு எளிது. குறுக்கே செல்வது கடிது. எந்த முகத்தைக் கிடையாக வைப்பது, எதனைச் சுமைக்கு எதிராக நிறுத்துவது என்பதைக் கல்லின் வரியை வாசித்தே தச்சன் தீர்மானிப்பான்.

மூன்றாவது உளி. கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். ஆகையாற் கல்வேலை நடக்கும் இடத்தில் உலைக்களமும் உடனிருந்தது. முனையைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துப் பதப்படுத்துவர். பதம் மிஞ்சினால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். காய்ந்த இரும்பின் நிறம் மாறும் கணத்தைக் கண்ணாற் கண்டு செய்யும் இவ்வேலையை எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்கவில்லை. ஒருவன் அருகில் மற்றொருவன் ஆண்டுக்கணக்காக நின்று பழகியே அது கைமாறியது.

நான்காவது அமைப்பு. கல் நசுக்கும் விசையைப் பெரிதும் தாங்கும். வளைக்கும் விசையைத் தாங்காது. இரு தூண்களுக்கு இடையே கிடத்தப்படும் கல் நீண்டால் அதன் அடிப்புறம் வெடித்து முறியும். எனவே தூண்கள் நெருக்கமாக நிற்கவேண்டியதாயிற்று. இடைவெளியைக் குறைப்பதற்குத் தூணின் தலையிற் போதிகை புடைத்தது. ஆயிரங்கால் மண்டபங்களை நோக்கி ஆன்மிகத் தத்துவம் பேசுவோர், அத்தூண் வரிசையிற் கல்லின் இயல்புக்கும் கட்டுவோனின் கணக்குக்கும் இடையே நிகழ்ந்த உடன்படிக்கையையும் காணுதல் வேண்டும். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது விடப்பட்ட குடைவரைகள் இவ்வறிவின் திறந்த ஏடுகளாகும். பாறை முகத்தைச் சதுரங்களாக வகுத்து, சுற்றிலும் கால்வாய்போல வெட்டி, நடுவில் எஞ்சிய மேட்டை உடைத்தெடுத்து உட்சென்ற முறை அங்கே அப்படியே நிற்கிறது. ஒற்றைக்கல் இரதங்கள் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டன. தவறாகக் கொத்திய துண்டை மீண்டும் ஒட்ட முடியாத அத்தொழிலில், முடிவுற்ற வடிவம் முழுவதும் முதலடிக்கு முன்னரே உள்ளத்தில் இருந்திருத்தல் வேண்டும். இதனை அறிவு என்று சொல்லாத பல்கலைக்கழகம் எதனை அறிவு என்று சொல்லும்?

ஈழத்துக்கு வருவோம் எனின், இங்கும் சான்றுகளுக்குக் குறைவில்லை. பொலன்னறுவையில் முழுவதும் கல்லாலான வானவன்மாதேவி ஈச்சரம் பதினோராம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தபோது அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கயல் இலச்சினையும் தமிழ்ச் சாசனமும் தாங்கிய கல் கோட்டை வாயிலில் இன்றும் உள்ளது. கோயில் அழிந்தும் கல் அழியவில்லை. கொழும்பிலே பொன்னம்பலவாணேசர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையிற் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். நெடுந்தீவிலே சாந்து எதுவுமின்றி முருகைக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிகள் காணிகளின் எல்லைகளாக இன்றும் நிற்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை தனித்தன்மையுடையது. நாட்டின் பெரும்பகுதி பழைமையான பளிங்குருப் பாறைகளால் ஆனதாக, குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்துள்ளது. கருங்கல் கிடையாத நிலத்தில் வாழ்ந்தோர் சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் கையாளப் பழகினர். வெள்ளைக்கல்லைப் பொழிந்து கோயிற் சுவர்களும் தூண்களும் வீட்டுத் திண்ணைகளும் கேணிப் படிகளும் அமைத்தனர். கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சாந்தாயிற்று. கல்லும் சாந்தும் ஒரே தன்மையனவாதலால் சுவரினுட் புகுந்த ஈரம் தடையின்றி வெளியேறியது.

இதே சுண்ணக்கல்லே காங்கேசன்துறையில் 1950 இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று. அத்தொழிற்சாலை பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்திருந்தது. 1990 இற் போரினால் அது செயலிழந்தமை வடபகுதிக்குப் பேரிழப்பு. அதனைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. ஆயின், உளியால் வடிக்கப்பட்ட கல்லே அரைக்கப்பட்டுப் பொடியாகிச் சாக்கில் திரும்பிவந்து உளியை வேலையிலிருந்து நீக்கிய வரலாற்றை எந்தப் பொருளியல் வகுப்பும் கற்பித்ததாகத் தெரியவில்லை.

போர் 2009 இல் முடிவுற்றபின் வடக்கிலும் கிழக்கிலும் திருப்பணிகள் பெருகின. அழிந்த கோயில்களை மீளக் கட்டவேண்டியது மக்களின் உரிமை. அதனை எவரும் மறுக்கவியலாது. ஆயின் அழியாத கோயில்களும் திருப்பணியின் பெயரால் அழிக்கப்பட்டன. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்தோடு ‘பழையது, சிறியது, அழகற்றது’ என்னும் தீர்ப்பும் வந்து சேர்ந்தது. பொழிந்த வெள்ளைக்கற் சுவர்கள் இடிக்கப்பட்டு அத்திவாரத்துக்குள் நிரவப்பட்டன. எஞ்சிய தூண்களுக்குச் சீமெந்து பூசி, அதன்மேல் எண்ணெய் வர்ணம் தீட்டி, கீழே மாபிள் ஓடு பதித்தனர். குளியலறைக்கு உரிய ஓடு கருவறை வாயிலுக்கு ஏறியது. கல் ஓட்டின் பின்னே மூச்சடைத்து நிற்கிறது.

இதில் அழகுணர்ச்சி மட்டும் பிரச்சினையன்று. கடினமான சீமெந்துப் பூச்சு மென்மையான சுண்ணக்கல்லின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். அவ்வீரத்திற் கரைந்த உப்பு உள்ளே படிந்து பளிங்காகிக் கல்லைப் பொடியாக்கும். வலுவூட்டிய கொங்கிறீற்றின் வாழ்நாளும் வரையறைக்குட்பட்டதே. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்; துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை வேண்டும்; அது பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். கழுவாத கடல்மணலைக் கலந்தவிடத்து இவ்வழிவு மேலும் விரையும். ஆயிரமாண்டு நிற்கும் பொருளை அகற்றி, கட்டிய தலைமுறையின் கண்முன்னரே வெடிக்கக்கூடிய பொருளை வைப்பதற்குத் ‘திருப்பணி’ என்னும் பெயர் பொருந்துமா?

இனி, மறுதலையாகக் கூறப்படுவனவற்றை நோக்கலாம். கற்பணி செலவு மிக்கது என்பது முதலாவது. உண்மையே. ஆயின் எதனோடு ஒப்பிட்டு என்பதே வினா. ஐம்பது ஆண்டுக்கொருமுறை இடித்துக் கட்டப்படுவதன் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் கணக்கு மாறும். அன்றியும், புதிதாகக் கல்லால் கட்டுமாறு எவரும் வற்புறுத்தவில்லை. உள்ள கல்லை இடிக்காதிருக்கச் செலவே இல்லை. முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பதை இன்று சட்டம் தடைசெய்துள்ளது. அது நியாயமான தடை. அதனாலேயே முன்னோர் எடுத்துப் பொழிந்த கற்களின் பெறுமதி மேலும் உயர்கிறது. ஒருமுறை உடைத்தவற்றுக்கு ஈடில்லை.

கல்வேலை உயிரைக் குடிக்கும் தொழில், இயந்திரம் வந்தது நன்மையே என்பது இரண்டாவது. கற்றூசு நுரையீரலை இறுகச் செய்து உழைப்பாளியைக் கொல்வது மறைக்கவியலாத உண்மை. கைத்தொழிலைப் பாடிப் புகழ்வோர் அத்தொழிலாளியின் இருமலையும் கேட்டாக வேண்டும். ஆயின் நீரின்றிச் சுழலும் மின்வாள் உளியைக் காட்டிலும் நுண்ணிய தூசையே எழுப்பும். ஆகவே தீர்வு நீர் தெளித்தலும் முகக்கவசமும் மருத்துவ மேற்பார்வையும் நியாயமான வேலைநேரமுமேயாகும். தொழிலாளியின் நலத்துக்காகத் தொழிலை ஒழிக்கிறோம் என்போர், இயந்திரத்தை இயக்கும் தொழிலாளிக்கு முகக்கவசம் வாங்கிக்கொடுத்தனரா என்று கேட்பது பொருந்தும்.

மூன்றாவது மறுப்பே முற்போக்காளரிடமிருந்து எழுவது, ஆதலாற் கவனத்துக்குரியது. கோயிற் கற்பணி நிலவுடைமையின் சின்னம், சாதித் தொழிலின் எச்சம், அதனைப் போற்றுவது பழைமைவாதம் என்பர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் இயக்குநராக விளங்கிய அவர், கல்லைத் தேடிச்சென்ற ஊர்களிற் கைவினைஞரைக் கண்டார். அவர்தம் தொழில் அந்நிய ஆட்சியின்கீழ் நலிவதைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். சாதியமைப்பைத் தொழிலின் ஒழுங்காக அவர் இலட்சியப்படுத்தியது ஏற்கத்தக்கதன்று. எனினும் கைவினைஞனைக் கலைஞனிலிருந்து பிரித்தமையே நவீன காலத்தின் பிழை என்னும் அவரது அடிப்படை நிலைப்பாடு அசைக்கப்படவில்லை.

சாதியின் கொடுமை இத்தொழிலிற் போலத் தெளிவாக வேறெங்கும் புலப்படாது. திருமேனியைச் செதுக்கிக் கண்திறக்கும் வரை சிற்பியின் கை வேண்டும். பிரதிட்டை முடிந்தபின் அதே கை கருவறையைத் தீண்டலாகாது. 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுக்காகப் போராட்டம் நிகழ்ந்தபோது எழுந்த கேள்விகளுள் இதுவும் அடங்கும். ஆயின் இதற்கு நீதி செய்யும் வழி யாது? சாதியை ஒழித்துத் தொழிலை விடுவித்தலே நீதி. சாதியை அப்படியே விட்டுத் தொழிலை மட்டும் ஒழிப்பது, தாழ்த்தப்பட்டவனை இரண்டாம் முறை தாழ்த்துவதாகும். முன்னர் அவன் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். இப்போது வரலாற்றுக்கு வெளியேயும் நிறுத்தப்படுகிறான். உழைப்பே மதிப்பின் ஊற்று என மேடையில் முழங்குவோர் உளியின் உழைப்பைப் பழைமை என ஒதுக்குவது முரண்பாடாகும்.

பிற நாடுகள் செய்தவற்றையும் நோக்கலாம். சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை ஐரோப்பாவின் எட்டு நாடுகள் ஒன்றுகூடி முன்மொழிய, 2018 இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நெடுந்தீவு வேலிகளில் உள்ளதும் அவ்வகைக் கலையே. ஆயின் அங்கு கல் உதிரும்போது அதனை மீள அடுக்கத் தெரிந்தோரின் பெயர்ப்பட்டியலேனும் எவரிடமும் உண்டா? பாரிசில் நோத்ரடாம் பேராலயம் 2019 ஏப்பிரலில் எரிந்தபோது அதனை ஐந்தரை ஆண்டுகளில் மீட்டு 2024 டிசம்பரில் திறக்க முடிந்தமைக்கு, கல்லையும் மரத்தையும் பழைய முறையிற் கையாளத் தெரிந்த கைகள் அங்கே எஞ்சியிருந்தமை முக்கிய காரணம். 1997 முதல் கெடலோன் என்னுமிடத்தில் மத்தியகாலக் கருவிகளைக்கொண்டே ஒரு கோட்டையைக் கட்டிவருகின்றனர். அங்கு பயின்றோரின் திறன் பேராலயத்துக்குப் பயன்பட்டது. வீண்வேலை எனத் தோன்றியது ஆபத்தில் உதவிற்று.

தமிழ்நாட்டில் 1957 இல் மாமல்லபுரத்திற் சிற்பக் கல்லூரி தோன்றியது. அதனோடு நெடுங்காலம் தொடர்புகொண்டிருந்த கணபதி ஸ்தபதியின் அமைப்பில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் குமரிமுனையில் திறந்துவைக்கப்பட்டது. மன்னார்த் திருக்கேதீச்சரத்தின் கற்றிருப்பணி இந்திய அரசின் உதவியோடும் அக்கல்லூரியின் பங்களிப்போடும் நிறைவுற்று 2022 இற் குடமுழுக்குக் கண்டது. கற்றளி எழுப்புவது இக்காலத்தில் இயலாதென்போருக்கு அது தக்க விடை. அதேவேளை, அதற்குரிய கைகளைக் கடல்கடந்து அழைக்கவேண்டியிருந்தமை ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாவுமாகும்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவல்ல. ஊர்தோறும் பழைய கற்கட்டடங்களை அளந்து வரைந்து படமெடுத்துப் பதிவுசெய்யும் பணியை வரலாறு, தொல்லியல், நுண்கலை மாணவர் தம் ஆய்வேடுகளாக ஏற்கலாம். முதிய கற்றச்சரின் வாயிலிருந்து கருவி, கல், இணைப்பு, அளவு ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டுதல் தமிழ்த் துறையின் கடமை. சங்கச் சொற்களுக்கு அகராதி தொகுக்கும் துறை உயிரோடிருக்கும் சொற்களைப் புறக்கணித்தல் முறையன்று. சாதியோ பாலோ நோக்காது, ஊதியத்துடனும் சுகாதாரப் பாதுகாப்புடனும் இளைஞர் பயிலும் தொழிற்பயிற்சி நெறியொன்றை அமைக்குமாறு பல்கலைக்கழகங்கள் அரசை வற்புறுத்தலாம். அதில் முதிய தச்சன் விரிவுரையாளனாகவே அமர்த்தப்பட வேண்டும், காட்சிப்பொருளாக அன்று.

திருப்பணிச் சபைகளிலும் பட்டதாரிகள் அமர்ந்திருக்கின்றனர். ஒரு பழைய சுவரை இடிக்கும் தீர்மானம் வரும்போது, அதனை அளந்து பதியும்வரையேனும் நிறுத்துமாறு கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. கேட்காதிருந்தால் அவ்விடிப்பில் அவர்களுக்கும் பங்குண்டு. கோயில் முகப்பில் உபயகாரரின் பெயர்களும் தொகைகளும் பளபளக்கும் கல்லில் இயந்திரத்தாற் பொறிக்கப்படுகின்றன. அவற்றுக்குக் கீழே, கட்டிய தச்சரின் பெயர்களைப் பொறிக்க இன்னும் இரண்டு சாண் இடம் போதும். ஆயிரமாண்டுக்கு முன் ஒரு சோழ மன்னன் தன் பெருந்தச்சனுக்கு அளித்த இடம் அது. இன்றைய சபைகள் அதனை அளிக்க மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை அவையே கூறட்டும்.